எந்தத் தலைக்கு எந்த மெசின்?



வருமானவரி, வீட்டுக்கடன், ஓய்வூதியம் என்று மாதாமாதம் காசுக் கணக்கே பேசிக்கொண்டிருக்கும் நான், இந்த மாத உரையில் தலைமயிர் வெட்டும் மெசினைப் பற்றிப் பேசினேன். காரணம் நேயர்கள்தான். வரிக் கேள்வி கேட்க அழைப்பவர்கள்கூட, வைக்கப்போகும் நேரத்தில் "அண்ணை, வீட்டிலை வெட்டுறதுக்கு எந்த மெசின் நல்லது?" என்று கேட்கிறார்கள். உரையைத் தவறவிட்டவர்களுக்காக அதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

எங்களில் பலருக்கு இந்தப் பழக்கம் 2020 இல்தான் தொடங்கியது. அந்த வருடம் மார்ச் 21 இரவு எட்டு மணியோடு நியூ ஜேர்சியில் சலூன்கள் பூட்டப்பட்டன. ஜூன் 22 வரை திறக்கவில்லை. டெக்சாஸில் மே 8 ஆம் திகதியே திறந்துவிட்டார்கள். பே ஏரியாக்காரர்கள் பாடுதான் பெரும்பாடு. மார்ச் 17 இலிருந்து வீட்டுக்குள் இருந்தார்கள். பிறகு சலூன்கள் திறந்தும் பூட்டியும், ஜூலையில் வெளியே கதிரை போட்டு வெட்டலாம் என்ற நிலைக்கு வந்தது. அந்த ஏப்ரலில் வோல்மார்ட் நிறுவனத்தின் தலைவர் டக் மக்மில்லனே தொலைக்காட்சியில் வந்து, சனங்கள் இப்போது தாடி வெட்டும் மெசினும் தலைமயிர்ச் சாயமும் தேடுகிறார்கள் என்று சொன்னார். கடைத் தட்டில் கிடைத்ததை எல்லோரும் வாங்கினார்கள். அந்த மெசின்கள் இப்போது ஒவ்வொன்றாகப் பழுதாகி வருகின்றன. அடுத்ததை நிதானமாகப் பார்த்து வாங்கலாம் அல்லவா?

முதலில் கணக்கு, அது என் தொழில். எங்கள் வீட்டில் மூன்று ஆண் தலைகள். நான் போகும் சலூனில் கூலி 22 டொலர், கையில் வைப்பது 4 டொலர், ஆக 26. ஐந்து கிழமைக்கு ஒருமுறை என்றால் வருடத்துக்குப் பத்துத் தடவை. மூன்று தலைக்கும் சேர்த்து 780 டொலர். மெசின், எண்ணெய், கழுத்துத் துணி, கிருமிநீக்கி எல்லாவற்றுக்கும் நூறு டொலர் என்று வைப்போம். ஐந்து வருடம் உழைத்தால் பெறுமானத் தேய்வு வருடத்துக்கு இருபது டொலர். பாதித் தடவை சலூனுக்கும் பாதித் தடவை வீட்டிலும் என்று வைத்தால்கூட வருடத்துக்கு 370 டொலர் மிஞ்சும். (வேலைக்குப் போவதற்காகத்தானே வெட்டுகிறோம், சலூன் காசை வரியில் கழிக்கலாமா என்று வருடா வருடம் யாராவது கேட்பார்கள். கழிக்க முடியாது.)

ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்குக் கை மெசின் நினைவிருக்கும். கத்தரிக்கோலைப் போல இரண்டு பிடி, நுனியில் இரண்டு பல்வரிசை. கூர் மழுங்கியிருந்தால் பிடரியில் மயிரை வெட்டாது, பிடுங்கும். 1990 இன் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பற்றறியும் தடைசெய்யப்பட்ட பொருள். சலூன்காரர்கள் அந்தக் கை மெசினோடும் கத்தரிக்கோலோடும்தான் எங்கள் தலைகளை ஒழுங்காக வைத்திருந்தார்கள். மின்சார மெசினோ அமெரிக்காவில் வெகு காலத்துக்கு முன்பே வந்துவிட்டது. இலினோய் மாநிலத்தின் ஸ்டேர்லிங் என்ற ஊரில் லியோ வோல் என்பவர், மோட்டரைக் கைப்பிடிக்குள்ளேயே வைத்த மெசினுக்கு 1919 இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1920களில் விஸ்கொன்சினில் உள்ள ரசீன் நகரிலிருந்து அண்டிஸும் ஒஸ்டரும் வந்தன. இன்றைக்கும் கடையில் அதிகம் காண்பது இந்தப் பெயர்களைத்தான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. ஊரில் இந்த வேலையைச் செய்தவர்களை எங்கள் சமூகம் வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்தது. யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் ஜோசப் சலூனில் கத்தரிக்கோல் பிடித்த டொமினிக் ஜீவாதான் 1966 இல் மல்லிகை சஞ்சிகையைத் தொடங்கினார். அவருடைய 'தண்ணீரும் கண்ணீரும்' சிறுகதைத் தொகுதிக்கு இலங்கை சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. 2021 ஜனவரியில் கொழும்பில் அவர் காலமானபோது நாங்கள் எல்லோரும் இங்கே வீட்டுக் குசினியில் ஒருவருக்கொருவர் முடி வெட்டிக்கொண்டிருந்தோம். காதுக்குப் பின்னால் ஒரு வளைவை ஒழுங்காக எடுக்க எவ்வளவு கைப்பழக்கம் வேண்டும் என்று அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது.

இனி மெசினுக்கு வருவோம். கடையில் பெட்டியைப் பார்த்தால் "இருபத்திரண்டு உருப்படிகள்" என்று பெரிய எழுத்தில் இருக்கும். எண்ணிப் பார்த்தால் சீப்பு, தூரிகை, கத்தரிக்கோல், பை எல்லாம் சேர்த்துத்தான் அந்தத் தொகை. அதைப் பார்த்து வாங்காதீர்கள். பார்க்கவேண்டியது உள்ளே இருக்கும் மோட்டரை.

சுவரில் கொழுவும் மலிவான மெசின்களில் பெரும்பாலும் காந்த மோட்டர்தான் இருக்கும். உள்ளே உண்மையில் சுழலும் மோட்டர் கிடையாது. ஒரு கம்பிச்சுருள், ஒரு ஸ்பிரிங், ஆடும் ஒரு கை, அவ்வளவுதான். மின்சாரம் திசை மாறும் வேகத்துக்கு அந்தக் கை ஆடும். அமெரிக்காவில் 60 ஹேர்ட்ஸ் என்பதால் செக்கனுக்கு 120 தடவை, நிமிடத்துக்கு 7,200 தடவை. வேகம் அதிகம், பலம் நடுத்தரம். உலர்ந்த முடிக்கு நன்றாக வேலை செய்யும். உடைவதற்கு உள்ளே அதிகம் ஒன்றுமில்லாதபடியால் கனகாலம் உழைக்கும். போட்டவுடன் கடகடவென்று சத்தம் கேட்டால் பழுது என்று நினைத்து எறியவேண்டாம். பக்கத்தில் ஒரு சிறு திருகாணி இருக்கும். சத்தம் பலமாகக் கேட்கும்வரை உள்ளே திருகி, பிறகு சத்தம் அடங்கும்வரை மெதுவாக வெளியே திருகினால் சரி. இதே குடும்பத்தில் பிவட் மோட்டர் என்று ஒன்று இருக்கிறது. வேகம் பாதி, பலம் அதிகம். அடர்த்தியான முடிக்கு நல்லது. மூன்றாவது ரோட்டரி. இது உண்மையாகவே சுழலும் மோட்டர். வயர் இல்லாத பற்றறி மெசின்களில் இருப்பது பெரும்பாலும் இந்த வகைதான்.

எங்கள் முடி தடிப்பானது, அடர்த்தியானது. பற்றறி மெசின் வாங்குபவர்கள் லித்தியம் அயன் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய நிக்கல் வகைப் பற்றறி இறங்க இறங்க மெசின் களைத்து, முடியை வெட்டாமல் பிடித்து இழுக்கும். லித்தியம் கடைசி வரைக்கும் ஏறத்தாழ ஒரே பலத்தோடு ஓடி, பிறகு நின்றுவிடும். பாதித் தலையில் நின்றால் என்ன செய்வது? அதற்காகத்தான் வயரைக் கொழுவியபடியும் வேலை செய்யும் மெசினாக எடுக்கவேண்டும். சில மெசின்கள் சார்ஜ் ஏறும்போது ஓடா. பெட்டியிலேயே போட்டிருப்பார்கள், வாசியுங்கள்.

வீட்டிலேயே இருந்து வெட்டிக்கொள்ளும் இருவர் மூவருக்கு வயர் உள்ள காந்த மெசின் தாராளமாகப் போதும் என்பது என் அபிப்பிராயம். தன் தலையைத் தானே வெட்டுபவருக்கு மட்டும் வயர் இல்லாதது நல்லது. பிடரிக்குக் கையைக் கொண்டுபோகும்போது வயர் தோளில் சுற்றும், கண்ணாடியில் பார்த்துக்கொண்டு அதையும் சமாளிப்பது கஷ்டம்.

அடுத்தது, எங்கள் ஆட்களுக்கே உரிய ஒரு விஷயம். ஊருக்குப் போகும்போது தம்பிக்கு, மச்சானுக்கு என்று மெசின் வாங்கிக்கொண்டு போவோம். லண்டனிலிருந்து வருபவர்கள் அங்கிருந்து கொண்டுவருவார்கள். இங்கே 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். இலங்கையில் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். இங்கத்தைய காந்த மெசினை அங்கே நேரே கொழுவினால் கம்பிச்சுருள் எரிந்துவிடும். ட்ரான்ஸ்போமர் வைத்தால் வோல்ட் சரியாகும், ஹேர்ட்ஸ் மாறாது. 7,200 ஆக இருந்த ஆட்டம் 6,000 ஆகிவிடும், ஸ்பிரிங்கோ 60 க்கு என்று செய்தது. ஓடும், ஆனால் வெட்டு சரிவராது. லண்டன் காந்த மெசினை இங்கே கொழுவினால் முனகுமே தவிர வெட்டாது. ஊருக்கு அனுப்புவதென்றால் பற்றறி மெசின்தான். அதிலும் சார்ஜரில் 100-240 வோல்ட், 50/60 ஹேர்ட்ஸ் என்று அச்சடித்திருக்கவேண்டும். பொடி எழுத்துத்தான், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசியுங்கள். சிலதில் 120 மட்டும் இருக்கும். கனடாவிலும் இங்கத்தைய மின்சாரம்தான், ரொறன்ரோ உறவுகளுக்குக் கொடுப்பதில் பிரச்சினை இல்லை.

சீப்புகளின் இலக்கங்கள் பலரைக் குழப்புகின்றன. கணக்கு மிக இலகு. ஒவ்வொரு இலக்கமும் அங்குலத்தில் எட்டில் ஒன்று. 1 என்றால் 3 மில்லிமீற்றர், 2 என்றால் 6, 4 என்றால் அரை அங்குலம் அதாவது 13, 8 என்றால் முழு அங்குலம், 25 மில்லிமீற்றர். முதல் தடவை வெட்டுபவர்கள் பெரிய இலக்கத்தில் தொடங்கி இறங்கி வாருங்கள். பெட்டியில் 8 வரை சீப்பு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். மலிவான சில பெட்டிகள் 4 உடன் நின்றுவிடும், பிறகு உச்சந்தலையைக் கத்தரிக்கோலால்தான் பார்க்கவேண்டிவரும். ஒரு கம்பனியின் சீப்பு மற்றக் கம்பனி மெசினுக்குப் பொருந்தும் என்று நம்பி வாங்காதீர்கள். மெசினின் பக்கத்தில் ஒரு சிறு நெம்புகோல் இருந்தால் இன்னும் வசதி. அதை அசைத்தால் இரண்டு இலக்கங்களுக்கு நடுவில் உள்ள நீளம் கிடைக்கும், பக்கங்களில் படிக்கட்டுப் போலத் தெரியாது. ட்ரிம்மர் என்று விற்கும் ஒடுக்கமான மெசின் வேறு. அது பிடரிக் கோட்டுக்கும் கிருதாவுக்கும்தான்.

வயதான அப்பாமார், மாமாமார் வீட்டில் இருந்தால் தெரிவு வேறுவிதமாக இருக்கவேண்டும். சலூனுக்குக் கூட்டிப்போக முடியாத நிலையில் அவர்களுக்கு முடி வெட்டுவது செலவுக் கணக்குக்குள் வராது. ஊரில் ஒவ்வொரு மாதமும் தலை வெட்டி, வெள்ளை வேட்டியோடு வெளிக்கிட்ட மனிதர்கள். காது மூடி முடி வளர்ந்து கதிரையில் இருப்பதை அவர்கள் சொல்லாவிட்டாலும் விரும்பமாட்டார்கள். அவர்களுக்குச் சத்தம் குறைந்த பற்றறி மெசினே நல்லது. மறதி நோய் உள்ளவர்களைக் காந்த மெசினின் முதல் 'டக்' சத்தமே திடுக்கிட வைக்கும். சத்தத்துக்குப் பயப்படும் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். முதலில் மெசினை ஓடவிட்டுக் கையில் தொட்டுப் பார்க்கக் கொடுங்கள். காது கேட்கும் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, முன்னாலிருந்து பேசிக்கொண்டே தொடங்குங்கள். வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து எடுப்பவர்களுக்குச் சீப்பு இல்லாமல் வெறும் பிளேட்டைத் தோலில் வைக்கவே கூடாது. காது மடலில் சின்னக் கீறல் பட்டாலும் இரத்தம் இலகுவில் நிற்காது. நீரிழிவு உள்ளவர்களுக்கும் அதே கவனம் வேண்டும். முதுமையில் தோல் தளர்வாக இருப்பதால் கழுத்துப் பக்கத்தை ஒரு கையால் மெதுவாக இழுத்துப் பிடியுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் ஓடினால் பிளேட் சூடேறும். இடைக்கிடை உங்கள் மணிக்கட்டில் தொட்டுப் பாருங்கள், சுட்டால் நிறுத்தி ஆறவிடுங்கள்.

இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு மெசின் வாங்கலாமா என்று ஒரு நேயர் கேட்டார். கணக்குக்கு நல்ல யோசனை, தலைக்கு நல்லதல்ல. தலையில் வரும் படை ஒரு பங்கசுத் தொற்று. மெசினிலும் சீப்பிலும் ஒட்டிக்கொண்டு ஒரு பிள்ளையிலிருந்து அடுத்த பிள்ளைக்குப் போகும். வீட்டுக்கு ஒன்று வைத்திருங்கள். ஒரே வீட்டுக்குள்ளும் ஒவ்வொரு தலைக்கும் பிறகு மயிரைத் தூரிகையால் தட்டிவிட்டு, மெசினுக்கென்று விற்கும் கிருமிநீக்கியை அடியுங்கள். அடித்த உடனே துடைத்துவிடக் கூடாது. எத்தனை நிமிடம் ஈரமாக இருக்கவேண்டும் என்று போத்தலில் போட்டிருக்கும். பிளாஸ்டிக் சீப்புகளைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவலாம்.

எண்ணெய் விஷயத்தில் எங்கள் ஆட்களோடு எனக்குச் சண்டை. வெட்டி முடிய, பிளேட்டில் இரண்டு மூன்று துளி மெசின் எண்ணெய் விட்டுச் சில செக்கன் ஓடவிடவேண்டும். பெட்டியோடு ஒரு சிறு போத்தல் தருவார்கள். அது முடிந்ததும் குசினிக்குப் போய்த் தேங்காய் எண்ணெயை எடுத்துவிடாதீர்கள். நாளாக நாளாக அது பிசின் மாதிரி இறுகி, உள்ளே மயிர்த்தூளைப் பிடித்து வைக்கும். நல்லெண்ணெயும் அப்படித்தான். மெசின் எண்ணெய் ஒரு போத்தல் சில டொலர்தான். தலையில் எண்ணெய் வைத்திருப்பவர்களும் முதலில் முழுகி, நன்றாகத் துவட்டிக் காயவிட்டபின் கதிரையில் இருக்கவேண்டும்.

வயர் உள்ள மெசினைக் குளியலறை ஈரத்தில் நின்று பாவிக்கவேண்டாம். குசினியில் நிலத்தில் பழைய பேப்பரை விரித்தால் கூட்டி அள்ளுவதும் இலகு. பற்றுச்சீட்டைப் பிரதி எடுத்து வையுங்கள், கடைத் துண்டில் உள்ள எழுத்து உத்தரவாதம் முடியுமுன்னே மறைந்துவிடும்.