செஞ்சியின் செய்தியை யார் எழுதுவது?

கடந்த 2025 ஜூலையில் மராத்தியரின் ராணுவ வரலாற்றோடு தொடர்புடைய 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் பதினொன்று மகாராஷ்டிரத்தைச் சேர்ந்தவை. எஞ்சிய ஒன்று நம் செஞ்சிக் கோட்டை. அன்றைக்குச் செஞ்சியைப் பற்றி எழுதப் பலர் இருந்தனர். அதே ஊரின் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல் மூட்டைகள் மழையில் நனைந்தால் எழுதுவதற்கு இருப்பவர், நாளிதழ்களின் தாலுகா நிருபர் மட்டுமே.

செஞ்சி போன்ற பேரூராட்சிக்கெனத் தனி நாளிதழ் நடத்துவது கட்டுப்படியாகாது. மாவட்டப் பதிப்பின் ஓரிரு பத்திகளே அதன் பங்கு. வாசகர் தரும் விலை காகிதம், அச்சு, போக்குவரத்துச் செலவுக்கே போதாது, விளம்பரம்தான் ஈடுகட்டுகிறது. சிற்றூரில் விளம்பரம் என்பது துணிக்கடை, தனியார் பள்ளி, தலைவரின் பிறந்தநாள் வாழ்த்து, நினைவஞ்சலி. அவற்றில் பெரும்பகுதி கைப்பேசித் திரைக்கும் சாலையோரப் பதாகைக்கும் போய்விட்டது.

இந்த இழப்பின் சுமை இறங்குவது தாலுகா நிருபரின் தோளில். அவர்களில் பலருக்கு மாத ஊதியம் இல்லை. சிறு மதிப்பூதியமும் விளம்பரக் கழிவும்தான். தீபாவளி, பொங்கல் சிறப்பு மலர்களுக்கு விளம்பரம் திரட்டுவதும் அவர்களே. புதிதாகப் போட்ட சாலை ஒரே மழையில் பெயர்ந்ததை எழுத வேண்டியவர், அதே ஒப்பந்ததாரரிடம் அரைப்பக்க விளம்பரம் கேட்டு நிற்கிறார். அவரைப் பழிப்பது எளிது. நானும் ஒரு காலத்தில் பழித்தவன்தான். ஊதியம் தராமல் நேர்மையை மட்டும் எதிர்பார்ப்பது எந்தப் பொருளியலில் சேர்த்தி?

உள்ளூர்ச் செய்தி ஒரு பொதுப்பண்டம். தேநீர்க் கடையில் ஒரு பிரதியை இருபது பேர் படிக்கிறார்கள். அதனால் குடிநீர்க் குழாய் சீராகும்போது, படிக்காதவர் வீட்டுக்கும் தண்ணீர் வருகிறது. இந்தப் பயனுக்குச் சந்தையில் விலை இல்லை.

ஆனால், அதை அளந்து பார்த்திருக்கிறார்கள். திமோதி பெஸ்லி, ராபின் பர்ஜெஸ் என்ற இரு பொருளியலாளர்கள் 1958 முதல் 1992 வரை இந்தியாவின் 16 பெரிய மாநிலங்களை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்ட கட்டுரையில், நாளிதழ் விற்பனை மிகுந்த மாநிலங்களில் விளைச்சல் வீழ்ச்சிக்கும் வெள்ளச் சேதத்துக்கும் அரசுகள் கூடுதலாக நிவாரணம் வழங்கியதைக் காட்டினர். அதற்குக் காரணமாக இருந்தவை ஆங்கில நாளிதழ்கள் அல்ல; மாநில மொழி நாளிதழ்களே. 2024 இறுதியில் ஃபென்ஜால் புயல் மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழையைக் கொட்டியதை நினைவில் வைத்திருக்கும் விழுப்புரம் மாவட்டத்தாருக்கு இந்த முடிவு வியப்பளிக்காது. அமெரிக்காவில் உள்ளூர் நாளிதழ் மூடப்பட்ட இடங்களில், நகராட்சிகள் வாங்கும் கடனுக்கான வட்டியே சற்று உயர்ந்ததாக இன்னோர் ஆய்வு கூறுகிறது. கணக்குக் கேட்க ஆளில்லாத அமைப்புக்குக் கடன் கொடுப்பவர் கூடுதல் வட்டி கேட்கத்தானே செய்வார்!

வாட்ஸ்ஆப் குழுக்கள் போதாவா என்று கேட்கலாம். தகவல் விரைவில் வருகிறது; தவறானால் மறுநாள் திருத்தம் வெளியிடும் பொறுப்பு அங்கு எவருக்கும் இல்லை.

2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டப்படி, முதற்கட்ட அறிவிக்கை அப்பகுதியில் விற்பனையாகும் இரு நாளிதழ்களில் வெளியாக வேண்டும். அவற்றில் ஒன்று மாநில மொழியில் இருக்க வேண்டும். ஆட்சேபம் தெரிவிக்க 60 நாள் அவகாசம். புல எண்களும் சட்டச் சொற்களும் நிறைந்த அந்த அறிவிக்கையில் எந்த ஊரில் யார் நிலம் போகிறது என்பதை எளிய தமிழில் செய்தியாக்க வேண்டியவரும் அதே தாலுகா நிருபர்தான். அறிவிக்கையை வெளியிடும் நாளிதழுக்கு அரசு கட்டணம் தருகிறது. அதை விளக்கி எழுதுபவர், அடுத்த மலருக்கான விளம்பரத்தைத் தேடிப் போயிருக்கிறார்.