தலைகீழாய்த் தொங்கும் எந்திரம்

செட்டிநாட்டு வீடுகளின் தேக்கு நிலைக்கதவுகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் பூவேலை முழுவதும் உளியால் செதுக்கியது. இன்று திருக்கோஷ்டியூர்ப் பக்கத்துத் தச்சுப்பட்டறையிலும் காடி எடுக்க, ஓரம் உருட்ட, 'ரூட்டர்' என்னும் மின் எந்திரம் வந்துவிட்டது. நீளச் சட்டங்களுக்கு அதைக் கையில் பிடித்து ஓட்டுவது சிரமம். ஆகவே மேசையில் துளை வெட்டி, ஓர் அலுமினியத் தட்டைப் பதித்து, தட்டின் அடியில் எந்திரத்தைத் தலைகீழாக முடுக்கிவிடுவார்கள். சுழலும் பிட் மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். ஆசாரி மரத்தை அதன்மீது தள்ளுவார்.

நான்கு கிலோ எந்திரம், மூன்று நான்கு சிறு திருகாணிகளை நம்பித் தொங்குகிறது. மேலே ஆசாரியின் விரல்கள். கீழே அவர் கால்கள்.

எடை மட்டும் என்றால் அஞ்ச வேண்டியதில்லை. 5 மி.மீ. எஃகுத் திருகாணி ஒன்றே ஓர் ஆளைத் தாங்கும். ஆனால் பிட் நிமிடத்திற்கு 24,000 முறை, அதாவது வினாடிக்கு 400 முறை சுழல்கிறது. 50 கிராம் பிட்டின் நிறை மையம், சுழலும் அச்சிலிருந்து 0.1 மி.மீ. விலகியிருப்பதாகக் கொள்வோம். நிறையைக் கோணத் திசைவேகத்தின் வர்க்கத்தாலும் ஆரத்தாலும் பெருக்கிப் பாருங்கள். சுமார் 32 நியூட்டன் வரும். மூன்று கிலோ எடைக்குச் சமமான இழுப்பு, வினாடிக்கு 400 முறை திசை மாறி மாறித் தட்டை உலுக்குகிறது!

திருகாணி என்பது உருளையில் சுற்றிய சாய்தளமே. முடுக்கும்போது அது மிகச் சிறிதளவு நீளுகிறது. அந்த இழுவிசையால் எழும் உராய்வே அதைக் கழலாமல் நிறுத்துகிறது. பக்கவாட்டில் உலுக்கினால் பரப்புகள் சறுக்கி, உராய்வின் பிடி நழுவும். ஆணி சாய்தளத்தில் மெல்ல இறங்கிவிடும். பக்கவாட்டு அதிர்வே இதில் மிகக் கொடியது என்பதை 1969-இல் ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் சோதனைகளால் காட்டினார்.

இனிப் பலரும் தவறும் இடத்திற்கு வருவோம். எந்திரத்தோடு வந்த திருகாணியின் நீளம் 12 மி.மீ., அதன் பிளாஸ்டிக் அடித்தட்டின் கனம் 5 மி.மீ. என்க. மரைக்குள் 7 மி.மீ. போகிறது. பிளாஸ்டிக்கைக் கழற்றிவிட்டு 9 மி.மீ. தட்டைப் பொருத்தி, அதே ஆணியைப் போட்டால்? வெறும் 3 மி.மீ.! மரையின் ஒரு சுற்று 0.8 மி.மீ. ஆகையால் நான்கு சுற்றுகூடப் பிடிக்கவில்லை. கைக்கு இறுகியதுபோலத்தான் தோன்றும். 16 மி.மீ. ஆணி வாங்கினால் பழைய 7 மி.மீ. பிடிப்புக் கிடைத்துவிடும். அளவுக்கு மீறி நீண்ட ஆணியும் ஆகாது. அது துளையின் அடியில் முட்டி நிற்கும், தட்டை அழுத்தாது. முதலில் தட்டில்லாமல் ஆணியைக் கையால் திருகி, துளையின் ஆழத்தை அளந்துகொள்வது நல்லது.

ஆணியின் தலை தட்டின் மேற்பரப்புக்குக் கீழே பதிய வேண்டும். இல்லாவிட்டால் தள்ளும் மரம் அதில் இடறி, கை பிட்டை நோக்கிப் பாயும். பதியும் தலைக்கு ஸ்பிரிங் வாஷர் போட இடமில்லை. மரையில் ஒரு சொட்டுப் பூட்டுப்பசை இடலாம். சில மணி நேரம் ஓடியபின் மீண்டும் முடுக்கிப் பார்க்க வேண்டும்.

தட்டு மெல்லியதானால் நடுவில் தொய்யும். கனத்தை இருமடங்காக்கினால் தொய்வு எட்டில் ஒரு பங்காகிவிடும்.

இந்த வேலை முழுவதும் பிளக்கைப் பிடுங்கியபின், பெரியவர் ஒருவர் உடனிருக்கச் செய்வது. நம் ஊர் மின்வெட்டையும் மறக்கலாகாது. எந்திரத்தின் சுவிட்சைப் போட்டபடியே விட்டிருந்தால், மின்சாரம் திரும்பியதும் பிட் தானாகச் சுழலத் தொடங்கும். மின்சாரம் வந்தாலும் கையால் அழுத்தினாலன்றி ஓடாத தனிச் சுவிட்சை மேசைக் காலில் பொருத்திவிட வேண்டும்.