முதுமையில் கவனம் சிதறுவது ஏன்?

பலர் பேசும் கூடத்தில், செவிப்புலன் கெடாத முதியவரும் அருகிலிருப்பவர் சொல்வதைக் கிரகிக்கத் திணறுவதேன் என்றால், வேண்டியதைப் பற்றும் சக்தி குன்றியதனால் அன்று, வேண்டாததை விலக்கும் சக்தி தளர்ந்ததனாலேயே என்று 1988-இல் லின் ஹாஷர், ரோஸ் ஸாக்ஸ் என்னும் மனோதத்துவ அறிஞர்கள் வாதித்தனர். 2005-இல் ஆடம் கஸாலி குழுவினர், முகங்களையும் இயற்கைக் காட்சிகளையும் கலந்து காட்டி, ஒருவகையை மட்டும் நினைவிற்கொள்ளச் சொல்லி மூளையைப் படம்பிடித்தபோது, முதியோர் வேண்டியதை இளைஞரைப் போலவே கவனித்தனர். புறக்கணிக்கச் சொன்னதைத்தான் முற்றும் புறக்கணிக்க இயலவில்லை. நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப்பகுதி வயதோடு சுருங்குவதும், சிந்தையின் வேகம் மந்தமாவதும் இதற்குத் துணைசெய்கின்றன. சொல்வளமோ அறுபதைக் கடந்தும் நிலைத்திருக்கும். தாத்தாவிடம் வாதாடித் தோற்ற பேரர்கள் இதற்குச் சாட்சி! அவரிடம் பேசுமுன் வானொலியைச் சற்று நிறுத்திவிடுங்கள்.