நாய்க்குக்கூட நடுகல் இருக்கு... சிப்பாய்க்கு?

தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, "மியூசியம் எந்தப் பக்கம்?"னு கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் உங்களைத்தான் மியூசியம் பீஸ் மாதிரி பார்ப்பார்கள். விடாமல் விசாரித்துப் போய்ச் சேர்ந்தால் அங்கே நடுகற்கள் காத்திருக்கும். வில்லோ வாளோ பிடித்த ஒரு ஆள், கூடவே பழைய எழுத்தில் சில வரிகள். எந்த ராஜாவின் எத்தனையாவது வருஷம், எந்த ஊர் மாட்டை யார் ஓட்டிக்கொண்டு போனார்கள், அதை மீட்கப் போய் செத்தது யார்... அவ்வளவுதான் மேட்டர். ஆனால் பேர் இருக்கும்!

பக்கத்தில், திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு கல் இருக்கிறது. பல்லவன் மகேந்திரவர்மன் காலத்தது. எருமைகளைக் காக்கப் போய் உயிரை விட்ட கருந்தேவக்கத்தி என்பவனுக்கு வைத்தது. அவனோடு அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். திருடர்கள் ரெண்டு பேரைக் கடித்த நாயாம். அதற்கும் பேர் போட்டிருக்கிறார்கள்: கோவிவன்.

சுமார் 1,400 வருஷத்துக்கு முந்தின நாயின் பேர் நமக்குத் தெரியும். இதை மனசில் வைத்துக்கொண்டு அப்படியே வேலூர் பஸ் ஏறுங்கள். கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, ஆம்பூர் (பிரியாணிக்கு இறங்கிடாதீங்க, திரும்பி வரும்போது பார்த்துக்கலாம்) தாண்டினால் வேலூர்.

வேலூர் கோட்டைன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? அகழி, ஜலகண்டேஸ்வரர் கோயில், அப்புறம் ஹிஸ்டரி பரீட்சையில் வந்த ரெண்டு மார்க் கேள்வி. 'வேலூர் கலகம் எப்போது நடந்தது? காரணம் என்ன?' 1806 ஜூலை 10. புதிய தலைப்பாகை. ரெண்டு மார்க் வந்தாச்சு, மறந்தாச்சு.

வெறும் தலைப்பாகைக்காகவா ஒருத்தன் உயிரை விடுவான்?

கொஞ்சம் பின்னாடி போவோம். 1805 நவம்பரில் சென்னை ராணுவத் தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக் ஒரு உத்தரவு போட்டார். சிப்பாய்கள் நெற்றியில் நாமமோ விபூதியோ கூடாது. கடுக்கன் கூடாது. தாடி கூடாது. மீசை எல்லாருக்கும் ஒரே அளவில் இருக்கணும். அதற்கு மேல் ஒரு புது மாடல் தலைப்பாகை. பார்க்க வெள்ளைக்காரன் தொப்பி மாதிரியே இருக்கும், முன்னால் தோலில் ஒரு குஞ்சம். என்ன தோல்? மாடா, பன்றியா? அந்த ஒரு கேள்வியே ரெண்டு மதத்துக்காரர்களையும் ஒரே பக்கம் நிற்க வைத்துவிட்டது. தொப்பி போட்டால் ஊரில் பெண் கொடுப்பானா, பந்தியில் உட்கார வைப்பானா என்பதெல்லாம் அவர்களுக்கு நிஜமான பயம். நாம் இன்றைக்கு ஹெல்மெட் போடுவதற்கே என்னென்ன காரணம் சொல்கிறோம்!

1806 மே மாதமே வேலூரில் ஒரு பட்டாளம் 'மாட்டோம்' என்று சொல்லிவிட்டது. விசாரணை நடந்தது. ஒரு இந்து, ஒரு முஸ்லிம் என்று ரெண்டு பேருக்குக் கசையடி கொடுத்து வேலையை விட்டுத் துரத்தினார்கள். அந்தப் பட்டாளத்தையே மாற்றி வேறு பட்டாளத்தைக் கொண்டுவந்தார்கள். பிரச்னை முடிந்தது என்று நினைத்துவிட்டார்கள் மேலிடத்தில். முஸ்தபா பேக் என்ற சிப்பாய் முன்கூட்டியே போய் எச்சரித்திருக்கிறார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அதே கோட்டைக்குள்தான் திப்பு சுல்தானின் பிள்ளைகளும் இருந்தார்கள். 1799-ல் திப்பு இறந்த பிறகு அவர் குடும்பத்தைக் காவலில் வைத்திருந்த இடம் அது. ஜூலை 9-ம் தேதி திப்புவின் மகள் ஒருவருக்குக் கல்யாணம். மறுநாள் காலையில் அணிவகுப்பு இருந்ததால் சிப்பாய்கள் நிறையப் பேர் ராத்திரி கோட்டைக்குள்ளேயே தங்கிவிட்டார்கள்.

விடியற்காலை ரெண்டு மணி சுமாருக்குத் துப்பாக்கிச் சத்தம். கோட்டைத் தளபதி கர்னல் ஃபேன்கோர்ட் சுடப்பட்டார். இங்கிலாந்து ராஜாவின் 69-வது ரெஜிமென்ட் வீரர்கள் தூங்கிக்கொண்டிருந்த கொட்டகைகள் மீது குண்டு மழை. நூற்றுக்கும் மேற்பட்ட வெள்ளைச் சிப்பாய்கள் செத்தார்கள். அதில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நோயாளிகளும் உண்டு. நம்ம ஆட்கள் என்பதற்காக இதைச் சொல்லாமல் விட முடியாது. பொழுது விடியும்போது கோட்டையில் மைசூரின் புலிக் கொடி பறந்தது. திப்புவின் மகன் பதே ஹைதர்தான் ராஜா என்று அறிவித்தார்கள்.

அதற்கப்புறம் என்ன செய்வது? அங்கேதான் சொதப்பல். கோட்டையைப் பிடித்தவர்கள் அதைக் காப்பதற்கு ஏற்பாடு செய்யவில்லை. சிலர் கொள்ளையில் இறங்கிவிட்டார்கள். உயிர் தப்பிய கொஞ்சம் வெள்ளைச் சிப்பாய்கள் மதில் மேல் ஒண்டிக்கொண்டு தாக்குப்பிடித்தார்கள். கோட்டைக்கு வெளியே இருந்த ஒரு மேஜர், ஆற்காடு குதிரைப்படை முகாமுக்குத் தகவல் அனுப்பினார். அங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டர் பறந்து வந்தார் கில்லெஸ்பி. ஒன்பது மணிக்கு வேலூர். கதவு திறக்கவில்லை என்றதும் கயிறு கட்டி மதில் மேல் ஏறினார். பின்னால் வந்த பீரங்கிகள் கதவை உடைத்தன. மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அரண்மனைப் பக்கம் ஒளிந்திருந்த சுமார் நூறு பேரை வெளியே இழுத்து, சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள்.

விசாரணைக்குப் பிறகு ஆறு பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்தார்கள். ஐந்து பேரைச் சுட்டார்கள். எட்டுப் பேருக்குத் தூக்கு. திப்புவின் குடும்பம் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது. மூன்று சிப்பாய்ப் பட்டாளங்கள் கலைக்கப்பட்டன. தலைப்பாகை உத்தரவு வாபஸ்! கிரடாக்கையும் கவர்னர் வில்லியம் பெண்டிங்கையும் லண்டன் திருப்பி அழைத்துக்கொண்டது. அதாவது சிப்பாய்கள் கேட்டது கிடைத்தது. வாங்கிக்கொள்ளத்தான் அவர்கள் இல்லை.

சரி, இது திப்பு குடும்பத்தின் சதியா, சிப்பாய்களின் கோபமா? அன்றைக்கே இந்தச் சண்டை ஆரம்பித்துவிட்டது. இதற்கு வந்த சுவாரஸ்யமான ஒரு பதில், தர்மபுரியோடு சம்பந்தப்பட்ட ஆளுடையது. தாமஸ் மன்றோ! 1792-ல் திப்புவிடமிருந்து பாராமஹால், அதாவது நம்ம பகுதி, கம்பெனிக்குப் போனபோது கேப்டன் ரீடுக்கு உதவியாக வந்தவர். ஏழு வருஷம் இந்தப் பக்கம் நிலவரி வேலை. தர்மபுரியில் அவர் போட்ட தோட்டத்தை விட்டுப் போக மனசில்லாமல் கடிதம் எழுதியிருக்கிறார். 1806-ல் அவர் அனந்தபூர் பக்கம் கலெக்டர். ஆகஸ்டில் பெண்டிங்குக்கு எழுதிய கடிதத்தில், திப்புவின் வாரிசைப் பட்டத்தில் உட்கார வைப்பது மட்டும் காரணமாக இருக்கவே முடியாது, சிப்பாய்களில் பெரும்பாலோர் இந்துக்கள், அவர்களுக்கு அதில் என்ன ஆசை என்று கேட்கிறார். 'தங்களைக் கிறிஸ்துவர்களாக்கப் பார்க்கிறார்கள்' என்றுதான் படித்த ஜனங்களே நம்புகிறார்கள் என்கிறார். வெள்ளைக்காரர்களுக்கு இது விநோதமாகத் தெரியும் என்பதையும் ஒப்புக்கொள்கிறார். ஊரோடு ஏழு வருஷம் பழகினவருக்குத்தான் இது புரியும் போல.

51 வருஷம் கழித்து, 1857-ல், வடக்கே கொழுப்பு தடவிய தோட்டாவுக்காக இதே கதை பெரிய அளவில் நடந்தது. அதற்கு 'முதல் சுதந்திரப் போர்' என்று பேர். வேலூருக்கு ரொம்ப நாள் 'கலகம்'தான். இப்போது 'புரட்சி' என்று எழுதுகிறோம். 2006-ல் இருநூறாவது ஆண்டுக்குத் தபால் தலை வந்தது. வேலூர் மக்கான் சந்திப்பில் நினைவுத் தூண் இருக்கிறது. ஜூலை 10 அன்று அங்கே மாலை போடுகிறார்கள்.

கோட்டைக்குப் பக்கத்தில் பழைய ஐரோப்பியக் கல்லறையும் இருக்கிறது. அந்த 69-வது ரெஜிமென்ட்காரர்களுக்கு அங்கே நினைவுக் கல் உண்டு. கில்லெஸ்பிக்கு வட அயர்லாந்தில் அவர் பிறந்த கோம்பர் ஊரில், உயரமான தூண் மேல் சிலை. பிரிட்டிஷ் அதிகாரிகள் எத்தனை பேர் செத்தார்கள் என்று கேட்டால் டக்கென்று பதில் வரும்: பதினாலு. நம்ம சிப்பாய்கள் எத்தனை பேர்? 350 என்கிறார்கள் சிலர். 800 என்கிறார்கள் சிலர். நடுவில் 450 பேர் இருந்தார்களா, இல்லையா?

ஷேக் ஆதம், ஷேக் ஹமீது, ஷேக் காசிம் என்று சில தலைவர்களின் பேரை ஆராய்ச்சியாளர்கள் ஆவணங்களிலிருந்து தேடி எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். மற்றவர்கள் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை? சம்பளப் பட்டியல் எழுதும்போது அத்தனை பேரும் அதில் இருந்திருப்பார்கள். மாசா மாசம் காசு கொடுத்த கம்பெனிக்குப் பேர் தெரியாமலா இருந்திருக்கும்?

உங்க காலேஜில் ஹிஸ்டரி டிபார்ட்மென்ட் இருந்தால், பிராஜக்ட்டுக்குத் தலைப்பு தேடுகிறவர்கள் கவனிக்கவும். சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. கம்பெனி காலத்துக் காகிதங்கள் அங்கே மலைபோலக் கிடக்கின்றன. எச்.ஓ.டி.யிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். போகிற வழியில் வேலூரில் இறங்கி, முதலில் கல்லறை, அப்புறம் தூண் என்ற வரிசையில் பாருங்கள். ஆம்பூர் பிரியாணி திரும்பி வரும்போது.