வி. ஹோம் என்றொரு முகவரி

எங்கள் லைன் வீட்டு அக்கா திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் பார்க்கிறார். கல்யாணத்துக்கு முன் மில் விடுதியில் இருந்தவர். அங்கே ஒருநாள் எல்லாப் பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்தி ரத்தம் எடுத்தார்களாம். எதற்கென்று கேட்கவில்லையா என்றேன். "கேட்டா சொல்லிப்போடுவாங்களாக்கும்? நீங்க வேற தம்பி" என்றார்.

எனக்கு டாக்டர் செல்லப்பன் நிர்மலாவின் ஞாபகம் வந்தது. காமத்தைப் பற்றிப் பேச நாம் ஒன்று அகத்திணைக்குப் போகிறோம், இல்லாவிட்டால் ஃபூக்கோவுக்கு. (நானும் போனவன்தான்.) நம் ஊர்ப் பாலுறவின் உண்மையை ஒரு பெண் ரத்தக் குப்பிகளில் தேடிய கதை இலக்கியக்காரர்கள் காதில் விழவேயில்லை.

1985 கடைசி. எய்ட்ஸ் மேற்கத்திய ஒழுக்கக்கேட்டின் நோய், நம் பண்பாட்டில் நுழையாது என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் முதுகலை மாணவி நிர்மலா, வயது 32. தேடித்தான் பாரேன் என்றவர் பேராசிரியை சுனிதி சாலமன். இந்தக் கிருமி உடம்பில் புகுந்து வருடக்கணக்கில் அறிகுறி காட்டாது. அதை எதிர்த்து உடம்பு ரத்தத்தில் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத்தான் தேட வேண்டும்.

யாருடைய ரத்தத்தில்? சென்னையில் பாலியல் தொழிலுக்கென்று தனித் தெரு இல்லை. பொது மருத்துவமனைக்குப் பால்வினை நோய்க்காக வந்த பெண்களின் சீட்டுகளைப் புரட்டினார் நிர்மலா. பலருக்கும் ஒரே முகவரி: 'வி. ஹோம்'. அதாவது விஜிலன்ஸ் ஹோம். 1956ஆம் வருடச் சட்டத்தின்கீழ் பிடிபட்டு, ஜாமீனுக்குக் காசில்லாத பெண்களை அடைத்துவைத்த இடம். மூன்று மாதத்தில் எண்பதுக்கும் மேற்பட்ட மாதிரிகள் அங்கே கிடைத்தன. கையுறைகூட இல்லாமல் எடுத்த ரத்தம். பிரித்த சீரம் வீட்டு ஃப்ரிட்ஜில் இருந்தது. 1986 பிப்ரவரியில் கணவரோடு ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு காட்பாடிக்கு ரயிலேறினார். வேலூர் சி.எம்.சி.யில் எலிசா சோதனை. ஆறு குழிகள் மஞ்சளாயின.

அந்தத் துணிச்சலைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனசில்லை. நாடு விழித்துக்கொண்டது அதற்குப் பிறகுதான். ஆனால் எய்ட்ஸுக்கான சோதனை என்று அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை என்பதை நிர்மலாவே பின்னாளில் சொல்லியிருக்கிறார். வழக்கமான பால்வினை நோய்ச் சோதனை என்றே அவர்கள் நினைத்தார்களாம்.

அமெரிக்காவில் மாஸ்டர்ஸ் என்ற மருத்துவரும் பாலியல் ஆய்வை விலைமாதரிடம்தான் தொடங்கினார். 1957இல் வந்து சேர்ந்த வர்ஜீனியா ஜான்சனுக்குப் பட்டம் கிடையாது, பேச்சு இருந்தது. அவரோடு பேசிச் சாதாரணப் பெண்கள் தாங்களாகவே ஆய்வகத்துக்கு வந்தார்கள். 1966இல் வந்த அவர்கள் நூலில் 382 பெண்கள், 312 ஆண்கள். ஆணும் அங்கே ஆய்வுக்கு உட்பட்ட உடம்பு. நம் கதையில் வாடிக்கையாளராக வந்த ஆணை எந்தச் சட்டமும் அடைத்துவைக்கவில்லை, அவனுக்கு 'வி. ஹோம்' முகவரி இல்லை. கிருமி மட்டும் அவன் வழியாக வீட்டுக்குப் போனது, லாரியில் போனது. அவமானம் முழுக்கப் பெண் பெயரில் பதிவானது.

சுனிதி சாலமன் 1993இல் ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தைத் தொடங்கினார். அங்கே தானாக வருகிறவரிடம் முதலில் பேசிவிட்டு, பிறகுதான் ஊசி. 2015இல் இறக்கும்வரை அந்தப் பணியில் இருந்தார்.

1986 மே மாதம் சட்டமன்றத்தில் சுகாதார அமைச்சர் ஹண்டே செய்தியை அறிவித்தார். அதற்கு முன் முடிவை உறுதிசெய்ய மருத்துவர்கள் விஜிலன்ஸ் ஹோமுக்கு இன்னொரு முறை போனார்கள். அதே ஆறு பெண்கள் மறுபடியும் கை நீட்டினார்கள்.