கணவர்கள் துணி துவைக்க, மனைவிகள் மறியல் செய்ய... 70 வருஷத்துக்கு முன்பே ஒரு படம்!

'வீட்டு வேலை என்ன பெரிய வேலையா?' என்று கேட்கும் ஆண்களிடம் அந்த வேலையைக் கொடுத்துப் பார்த்தால் என்ன ஆகும்? 1954-லேயே அதைக் காட்டிவிட்டது, 'சால்ட் ஆஃப் தி எர்த்' என்ற அமெரிக்கப் படம்.

கதை நடப்பது நியூ மெக்ஸிகோ மாநிலத்தில். துத்தநாகச் சுரங்கத் தொழிலாளி ரமோனின் மனைவி எஸ்பெரான்ஸா. மெக்ஸிகோ வம்சாவளிக் குடும்பம். இரண்டு குழந்தைகள், வயிற்றில் மூன்றாவது. விறகு வெட்டி, தண்ணீர் காயவைத்துத்தான் துணி துவைக்கணும். வெள்ளைக்காரத் தொழிலாளர் வீடுகளில் இருக்கும் குழாய் வசதியை நமக்கும் கேளுங்கள் என்கிறார்கள் பெண்கள். சுரங்கப் பாதுகாப்புதான் முக்கியம், மற்றதெல்லாம் அப்புறம் என்று தள்ளிவிடுகிறார்கள் ஆண்கள்.

வேலைநிறுத்தம் தொடங்குகிறது. தொழிலாளர்கள் மறியல் செய்யக் கூடாது என்று கோர்ட் தடை போடுகிறது. தடை தொழிலாளர்களுக்குத்தானே, அவர்கள் மனைவிகளுக்கு இல்லையே! பெண்கள் களத்தில் இறங்குகிறார்கள். கைக்குழந்தையோடு ஜெயிலுக்கும் போகிறாள் எஸ்பெரான்ஸா. வீட்டில் ரமோன் துணி காயப்போடுகிறான். அப்போதுதான் உறைக்கிறது, அந்தக் குழாய் எவ்வளவு முக்கியம்னு!

இது வெறும் கற்பனை இல்லை. 1950 முதல் 1952 வரை எம்பயர் ஸிங்க் நிறுவனத்தில் நடந்த போராட்டம்தான் கதைக்கு அடிப்படை. நடித்தவர்களில் பெரும்பாலானவர்கள் நிஜத் தொழிலாளர் குடும்பத்தினர். ரமோனாக நடித்த ஹுவான் சாகோன், அங்கே நிஜமாகவே தொழிற்சங்கத் தலைவர்.

கம்யூனிஸ்ட் எதிர்ப்பு உச்சத்தில் இருந்த காலம் அது. இயக்குநர் ஹெர்பர்ட் பைபர்மேன் ஏற்கெனவே ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் இருந்தவர். எஸ்பெரான்ஸாவாக நடித்த மெக்ஸிகோ நடிகை ரோசௌரா ரெவுல்டாஸ், படப்பிடிப்பு முடிவதற்குள் கைது செய்யப்பட்டு, சொந்த நாட்டுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. மிகச் சில தியேட்டர்களே படத்தைத் திரையிட்டன. ஆனால், 1992-ல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இந்தப் படம் இடம்பிடித்தது.

முதலாளி தன்னை மதிக்கவில்லை என்று கொதிக்கும் ரமோன், வீட்டில் மனைவியை மதிக்கிறானா? அவனைப் பார்த்து எஸ்பெரான்ஸா கேட்பது இதைத்தான். பெண்கள் இல்லாமல் அந்தப் போராட்டம் ஜெயித்திருக்காது என்பதை ரமோன் புரிந்துகொள்ளும் இடத்தில்தான் படம் முடிகிறது. வாய்ப்பு கிடைத்தால் வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். முக்கியமா, அப்பாக்களும் பையன்களும்!