ஒரு மங்குத் தண்ணீர்

தோட்டத்தை விட்டுப் புந்தோங்கில் குடியேறியும் லயத்து மலேரியாக் கதைகளை நாம் மறக்கவில்லை. 1901-இல் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் காண் வெட்டிச் சதுப்பு நீரை வடித்தார், மலேரியா தணிந்தது.

இன்றைய எதிரி டிங்கி. ஏடிஸ் கொசு பூச்சாடித் தட்டு, பழைய டயர், கவிழ்க்காத பால் மங்கு ஆகியவற்றில் தேங்கும் தெளிந்த நீரில் பெருகும். பத்து நாளுக்குள் முட்டை கொசுவாகிவிடும்.

"எங்க வீட்டுலே யாருக்கும் காய்ச்சல் இல்லியே!" என்றிருக்கலாமா? நம் வாசலில் பிறந்த கொசு நாலு வீடு தள்ளிப் பிள்ளையைக் கடிக்கும். காய்ச்சலோடு ஒருவர் தோட்டத்து உறவைப் பார்க்கப் போனால், அவரைக் கடிக்கும் அங்குள்ள கொசுவும் நோயைப் பரப்பும்.

காய்ந்தாலும் முட்டை பல மாதம் சாகாது. ஆகவே வாரம் ஒருநாள் தண்ணீரைக் கொட்டி, தேய்த்துக் கழுவிக் கவிழ்ப்போம். முகம் தெரியாத பிள்ளைக்கும் அதுவே நாம் செய்யும் உதவி.